யாழினி என்ற பெயருக்கு ஒரு பொருள் அறிக்கை: கட்டணச் சேவை பற்றிய மதிப்புரை

குழந்தைக்கு வைக்க நினைக்கும் பெயரின் பொருளையும் தோற்றத்தையும் ஆராய்ந்து அறிக்கையாக அனுப்பும் இணையச் சேவைகள் இப்போது பல இருக்கின்றன. என் தங்கையின் பேத்திக்கு யாழினி என்று பெயரிடலாம் என வீட்டில் ஏறத்தாழ முடிவாகியிருந்த நிலையில், பெற்றோரின் விருப்பப்படி அத்தகைய சேவை ஒன்றில் பணம் கட்டி அறிக்கை வாங்கினோம். அந்த நிறுவனத்தின் பெயரை இங்கே குறிப்பிடவில்லை. நான் பார்த்த இதே வகைச் சேவைகள் பலவற்றிலும் இதே போக்கே தென்படுவதால், அறிக்கையில் என்ன இருந்தது, என்ன இருந்திருக்க வேண்டும் என்பதைச் சொல்வதே வாங்க நினைப்பவர்களுக்கு உதவும்.

கட்டணம் எண்ணூறு ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. சொன்ன நாளில் அறிக்கை மின்னஞ்சலில் வந்தது. அச்சிட்டுச் சட்டமிடும்படி அழகான முகப்புப் பக்கமும், உள்ளே பெயரின் பொருள், தோற்றம், தெய்வத் தொடர்பு, நட்சத்திர எழுத்து, எண்கணிதப் பலன், இதையொத்த பிற பெயர்கள் என்ற பிரிவுகளும் இருந்தன. கூடவே வந்த ஒலிப்பதிவில் ஒரு பெண் குரல் பெயரை ழகரம் பிசகாமல் தெளிவாக உச்சரித்திருந்தது. வெளிநாட்டில் பிறந்து வளர்ந்த பெற்றோருக்கு அந்த ஒலிப்பதிவு ஒன்றே பெரிய உதவியாக இருக்கும். நட்சத்திர எழுத்துப் பகுதியிலும் குறை காண முடியவில்லை. ‘யா’ என்னும் எழுத்து கேட்டை நட்சத்திரத்திற்கு உரியது என்று வழக்கமான பஞ்சாங்க முறைப்படி சரியாகவே குறித்திருந்தார்கள்.

ஆனால் இந்தச் சேவைக்குப் பணம் கட்டுவதே பெயரின் பொருளையும் தோற்றத்தையும் அறிவதற்காகத்தான். அறிக்கை வலுவிழப்பதும் அங்கேதான். ‘யாழினி என்றால் வீணை போன்றவள்’ என்ற ஒரு வரியில் பொருளை முடித்துவிட்டார்கள். யாழும் வீணையும் ஒன்றல்ல. வீணையில் ஒரே தந்தியை மெட்டுக்களின் மேல் வெவ்வேறு இடங்களில் அழுத்திப் பல சுரங்களைப் பெறுகிறோம். யாழில் மெட்டுக்கள் இல்லை. வில்போல் வளைந்த கோடு என்னும் தண்டிற்கும் கீழேயுள்ள பத்தர் என்னும் ஒலிப்பெட்டிக்கும் இடையே நரம்புகள் வெறுமையாக இழுத்துக் கட்டப்பட்டிருக்கும், ஒவ்வொரு நரம்பும் ஒரு சுரத்தைத் தரும். பர்மியர்கள் இன்றும் வாசிக்கும் சௌங் என்னும் வில்யாழைப் பார்த்தவர்களுக்கு நம் பழைய யாழின் வடிவம் ஓரளவு பிடிபடும். இவ்விரண்டும் வேறு வேறு கருவிகள் என்பது நம் முன்னோருக்கு ஐயமின்றித் தெரிந்திருந்தது. மார்கழி விடியலில் கோயில்தோறும் ஒலிக்கும் திருப்பள்ளியெழுச்சியில் மாணிக்கவாசகர் ‘இன்னிசை வீணையர் யாழினர் ஒருபால்’ என்று இரு சாராரையும் தனித்தனியே நிறுத்திப் பாடுகிறார்.

அந்த ஒரு வரியே இந்தப் பெயருக்கு நல்ல சாவி. யாழினர் என்றால் யாழை உடையவர்கள், யாழ் இசைப்பவர்கள். அந்தப் பன்மைச் சொல்லுக்கு ஒப்பான பெண்பால் ஒருமையாக யாழினி என்பதைக் கொண்டால், யாழை உடையவள், யாழை மீட்டுபவள் என்று பொருள் நேராக வந்து நிற்கிறது. ‘வீணை போன்றவள்’ என்ற விளக்கம் குழந்தையை ஒரு கருவியோடு ஒப்பிடுகிறது. ‘யாழ் மீட்டுபவள்’ என்ற விளக்கமோ அவளைக் கலைஞராக்குகிறது. ஒரு பெண் குழந்தைக்குப் பெயர் தேடும் பெற்றோருக்கு இந்த வேறுபாடு சிறியதன்று. இதைச் சொல்லாத அறிக்கைக்கு நான் அதிக மதிப்பெண் தர மாட்டேன்.

தோற்றம் பற்றிய பகுதி இன்னும் கவலை தருவது. ‘சங்க காலத்து இளவரசியின் பெயர்’ என்று ஒரு பத்தியிலும், ‘சமஸ்கிருத மூலம்’ என்று அடுத்த பக்கத்து அட்டவணையிலும் எழுதியிருக்கிறார்கள். இரண்டுக்கும் சான்று காட்டவில்லை. ஒன்றோடொன்று முரண்படுவதையும் யாரும் கவனிக்கவில்லை. சங்கப் பாடல்களில் யாழினி என்னும் பெயருடைய இளவரசி எவரும் இல்லை. யாழ் என்பதோ ழகரத்தைத் தாங்கி நிற்கும் தூய தமிழ்ச்சொல். மாலினி, பத்மினி போன்ற வடமொழிப் பெயர்களின் ஈற்றோசையைக் கேட்டு யாரோ அட்டவணையை நிரப்பியிருக்க வேண்டும். அந்த ஈற்றோசை சங்கத் தமிழிலேயே உண்டு. பாடும் பெண்ணைப் பாடினி என்று புறநானூறு அழைக்கிறது. பதினோராம் பாடலில், சேரமான் பாலை பாடிய பெருங்கடுங்கோவின் வீரத்தைப் பாடிய பாடினி பொன்னணி பரிசாகப் பெறுகிறாள்; அதைப் பாடிய புலவரும் பேய்மகள் இளவெயினி என்ற பெண்ணே. பாடினி என்ற சொல்லின் பக்கத்தில் யாழினியை வைத்துச் சொல்லிப் பார்த்தால், செவிக்கும் பொருளுக்கும் இரண்டும் உடன்பிறந்தவைபோல் இருக்கும்.

அப்படியானால் இது பழைய பெயரா, புதிய பெயரா? உண்மையான விடையை அறிக்கை சொல்லியிருந்தால் பெற்றோர் ஏமாற்றம் அடைந்திருக்க மாட்டார்கள் என்பது என் உறுதியான எண்ணம். யாழ் ஈராயிரம் ஆண்டுப் பழமை உடையது. யாழினி என்று பெண்ணுக்குப் பெயரிடுவது நம் காலத்து வழக்கம். கடந்த நூற்றாண்டில் மறைமலை அடிகள் தொடங்கிவைத்த தனித்தமிழ் உணர்வு பரவிய பிறகு, பழஞ்சொற்களைக் கொண்டு புதிய பெயர்களைப் புனையும் பழக்கம் தமிழ்க் குடும்பங்களில் வேரூன்றியது. வேதாசலம் என்ற தம் பெயரையே மறைமலை என்று மாற்றிக்கொண்டவர் அவர். யாழினி, யாழ்மொழி, யாழிசை, தமிழினி முதலிய பெயர்களை அந்த மரபின் தொடர்ச்சியாகவே நான் பார்க்கிறேன். புதிதாகப் புனைந்த பெயர் என்பதில் குறைவு ஒன்றும் இல்லை. இல்லாத இளவரசி ஒருத்தியைப் படைத்துப் பெயருக்குப் பழமை ஏற்றுவதுதான் குறை. அந்தக் குழந்தை பத்து வயதில் பள்ளியில் தன் பெயரைப் பற்றிப் பேச எழுந்து நின்று, இல்லாத அந்த இளவரசியின் கதையைச் சொல்லும் நிலையை எண்ணிப் பார்த்தால் இதன் பொறுப்பின்மை விளங்கும்.

பணம் கொடுத்து வாங்கிய அறிக்கையில் எது இருந்திருக்க வேண்டும் என்று கேட்டால், முதலில் சங்க நூலான பொருநராற்றுப்படையைச் சொல்வேன். கரிகாற் சோழனைப் பற்றி முடத்தாமக்கண்ணியார் பாடிய அந்தப் பாட்டின் தொடக்கத்திலேயே யாழின் உறுப்புகள் ஒவ்வொன்றாக நம் கண்முன் வருகின்றன. யாழின் பத்தர் மானின் குளம்பு பதிந்த தடம்போல் நடுவே உயர்ந்து இரு பக்கமும் சரிந்திருக்கிறது. அதன் மேல் இழுத்துக் கட்டிய தோல் விளக்கின் சுடர் நிறத்தில் இருக்கிறது. துளைகளை அடைத்த ஆணிகள் வளைக்குள் வாழும் நண்டின் கண்களைப் போல் தெரிகின்றன. கரிய கோடு பாம்பு தலையெடுத்தாற்போல் ஓங்கி நிற்கிறது. நரம்புகள் குற்றிய தினையரிசிபோல் குற்றமற்றுச் சீராக இருக்கின்றன. இவற்றுக்கு நடுவே, தோலின் இரு பகுதிகளையும் சேர்த்துத் தைத்த இடத்தைச் சொல்ல வந்த புலவர், ‘எய்யா இளஞ்சூல் செய்யோள் அவ்வயிற்று’ என்று தொடங்கும் உவமையைக் கையாள்கிறார். கருவுற்றிருப்பதைப் பிறர் இன்னும் அறியாத இளஞ்சூலியின் அழகிய வயிற்றில் மெல்லிய மயிர் ஒழுகியிருப்பதைப் போல அந்தத் தையல் தோன்றுகிறதாம். மகளுக்கு யாழின் பெயரைச் சூட்ட நினைக்கும் ஒரு தாய்க்குக் காட்ட இதைவிட உரிய வரிகள் நம் இலக்கியத்தில் எங்கே இருக்கின்றன? என் தங்கை மகளுக்கு இந்தப் பகுதியை நான் படித்துக் காட்டிய பிறகு, பெயர் பற்றி வீட்டில் மறுபேச்சு எழவில்லை.

யாழின் ஆற்றலையும் அதே பாட்டு சொல்கிறது. அதில் எழுந்த பாலை என்னும் பண்ணை, அதாவது பழந்தமிழ் இராகத்தைக் கேட்ட வழிப்பறிக் கள்வர், கையிலிருந்த ஆயுதத்தை நழுவவிட்டு மனம் மாறுவார்களாம். கலித்தொகையின் பாலைக்கலிப் பகுதியிலும் குத்துக்கோலுக்கு அடங்காத களிறு யாழிசைக்குக் கட்டுப்பட்டு நிற்கிறது. அறிக்கையில் ‘இப்பெயருடையோர் பிறரை எளிதில் கவர்வர்’ என்று பலன் எழுதியிருக்கிறார்கள். ஆதாரமற்ற அந்த வாக்கியத்துக்குப் பதிலாகக் களிற்றையும் கள்வரையும் பற்றிய இந்த இரு செய்திகளையும் தந்திருந்தால், குழந்தை வளர வளரச் சொல்லி மகிழ இரண்டு கதைகள் கிடைத்திருக்கும்.

திருக்குறளை மட்டும் விடாமல் சேர்த்திருக்கிறார்கள். மக்கட்பேறு அதிகாரத்தின் ‘குழலினிது யாழினிது’ என்று தொடங்கும் 66ஆம் குறளைப் பெரிய எழுத்தில் ஒரு தனிப்பக்கமாக அச்சிட்டிருப்பது நல்ல தேர்வு. ஆனால் யாழினிது என்பதிலிருந்துதான் யாழினி என்ற பெயர் ‘உருவானது’ என்று அதன் கீழே எழுதியிருப்பதை ஏற்க முடியாது. இனிது என்பது அங்கே பயனிலை. யாழின் ஒலி இனியது என்று சொல்வோர் தம் மக்களின் மழலையைக் கேளாதவர் என்பது குறளின் கருத்து. பெயரைச் சூட்டும்போது இந்தக் குறளை நினைவுகூர்வது மிகப் பொருத்தம். அந்தக் குறளே பெயருக்கு வேர் என்று சொல்வது வேறு செய்தி. அதற்குச் சான்று வேண்டும்.

தெய்வத் தொடர்பு என்ற பிரிவில் கலைமகளின் படத்தை வைத்து, அவள் கையிலுள்ள வீணையே யாழ் என்று எழுதியிருக்கிறார்கள். மேலே சொன்ன குழப்பத்தின் தொடர்ச்சி இது. சைவ மரபில் யாழுக்கு இதைவிட நெருக்கமான இடங்கள் உண்டு. வேதாரணியம் என்று இன்று வழங்கும் திருமறைக்காட்டில் அம்மையின் திருப்பெயரே யாழைப் பழித்த மொழியாள். சுந்தரர் அத்தலத்துப் பதிகத்தை ‘யாழைப்பழித் தன்ன மொழி’ என்றே தொடங்குகிறார். திருஞானசம்பந்தரோடு தலந்தோறும் சென்று அவருடைய பதிகங்களை யாழில் இசைத்தவர் திருநீலகண்ட யாழ்ப்பாணர். அவருடைய துணைவியார் மதங்கசூளாமணியாரும் உடன் பாடி வந்தார். காரைக்காலை அடுத்த தருமபுரத்தில் நடந்ததைப் பெரியபுராணத்தில் சேக்கிழார் விரிவாகப் பாடுகிறார். பதிகத்தின் சிறப்பு யாழ்ப்பாணரின் வாசிப்பால்தான் என்று அவருடைய சுற்றத்தார் பேச, அதைப் பொறாத யாழ்ப்பாணர், யாழில் அடங்காத இசையில் ஒரு பதிகம் பாடும்படி சம்பந்தரை வேண்டிக்கொள்கிறார். சம்பந்தர் பாடிய பதிகம் நரம்புகளுக்குள் அடங்காமல் போக, யாழ்ப்பாணர் யாழையே உடைக்க ஓங்குகிறார். சம்பந்தர் தடுத்து யாழைத் தம் கையில் வாங்கிக்கொள்கிறார். கருவியின் பெருமையும் எல்லையும் ஒரே நிகழ்ச்சியில் தெரியும் இக்கதை, இசைப்பெயர் பற்றிய எந்த அறிக்கையிலும் முதலிடம் பெற வேண்டியது.

இசைக்கருவி என்ற முறையில் யாழைப் பற்றிய பகுதி மூன்று வரிகளே. நான்கு வகை யாழ்களின் பெயர்கள் இருந்தன. நரம்பின் எண்ணிக்கை இல்லை. சிலப்பதிகார உரை மரபு வழியே நாம் அறிவது, பேரியாழுக்கு 21 நரம்புகள், சகோட யாழுக்கு 14, செங்கோட்டு யாழுக்கு 7 என்பது. மகர யாழுக்கு 17 என்றும் 19 என்றும் இரு கணக்குகள் உள்ளன. யாழ் என்ற சொல் பண்ணையும் குறித்தது என்பதையும் சொல்லியிருக்கலாம். தொல்காப்பியம் ஐந்திணைக் கருப்பொருள்களைத் தொகுக்கும்போது தெய்வம், உணவு, மரம், பறவை, பறை, தொழில் ஆகியவற்றோடு யாழையும் சேர்க்கிறது. குறிஞ்சி யாழ், பாலை யாழ் என்று பழைய உரைகாரர்கள் சொல்லும்போது அந்த நிலத்துப் பண்ணையே கருதுகிறார்கள். ஆகவே யாழினி என்ற பெயருக்கு இசையை உடையவள், பண்ணை உடையவள் என்று விரித்துப் பொருள் சொல்லவும் இடமுண்டு.

வழக்கொழிந்துபோன இந்தக் கருவியை நூல்களிலிருந்து மீட்டெடுக்க வாழ்நாளைச் செலவிட்ட விபுலாநந்த அடிகளின் பெயர் அறிக்கையில் ஓரிடத்திலும் இல்லாதது எனக்கு மிகுந்த வருத்தம் தந்தது. மட்டக்களப்புப் பகுதியின் காரைதீவில் 1892இல் பிறந்து, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் பின்னர் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் தமிழ்ப் பேராசிரியராக இருந்த அடிகள், பல்லாண்டு ஆய்வின் பயனாக யாழ் நூலை எழுதினார். கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் வெளியீடாக, 1947 ஜூன் மாதம் திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில் அது அரங்கேறியது. அடுத்த மாதமே அவர் மறைந்தார். இன்று நாம் யாழ் என்ற சொல்லைக் கேட்டதும் அதன் நரம்பையும் சுரத்தையும் பற்றிப் பேச முடிகிறது என்றால், அதில் அவர் உழைப்பின் பங்கு பெரியது. இந்தப் பெயர் ஈழத்தமிழர் குடும்பங்களில் விருப்பத்தோடு சூட்டப்படுவதற்கு, யாழ்ப்பாணம் என்ற ஊர்ப்பெயரும் யாழ் பாடி நிலம் பரிசு பெற்றவனைப் பற்றிய அவ்வூரின் பழங்கதையும் துணை நிற்கின்றன. அதையும் அறிக்கை தொடவில்லை.

எண்கணிதப் பிரிவு மட்டும் பக்கம் பக்கமாக விரிகிறது. ஆங்கில எழுத்துக்கூட்டலில் ஓர் எழுத்தைக் கூட்டினால் பலன் மேம்படும் என்றும், எதைக் கூட்டுவது என்பதை அறியத் தனிக் கட்டணம் என்றும் முடிகிறது. பெயரைப் பிறந்த சில நாட்களுக்குள் உறுதி செய்துவிடுவது நல்லது என்ற அவசரக் குறிப்பும் உண்டு. குழந்தை பிறந்த மகிழ்ச்சியிலும் களைப்பிலும் இருக்கும் பெற்றோரை இப்படி விரட்டுவது எனக்குப் பிடிக்கவில்லை. பெயர் இல்லாமலேயே பிறப்பைப் பதிவு செய்யலாம். தமிழ்நாட்டில் பதிவு செய்த 12 மாதங்களுக்குள் பெயரைக் கட்டணமின்றிச் சேர்க்கலாம், அதன் பிறகும் 15 ஆண்டுகள் வரை தாமதக் கட்டணம் செலுத்திச் சேர்க்கச் சட்டம் இடம் தருகிறது. நிதானமாக யோசிக்கப் போதிய காலம் இருக்கிறது.

எழுத்துக்கூட்டலைப் பற்றிப் பெற்றோருக்கு உண்மையில் தேவைப்படும் அறிவுரை வேறு. ழகரத்துக்குத் தமிழ்நாட்டில் பெரும்பாலும் இசட், எச் என்ற இரண்டு எழுத்துகளையும், இலங்கையில் எல் என்ற ஓர் எழுத்தையும் இடுகிறார்கள். முன்னதைப் பார்க்கும் வேற்று மொழியார் ‘யாஸினி’ என்று வாசிக்கக்கூடும். பின்னதைப் பார்ப்பவர்கள் ‘யாலினி’ என்பார்கள். எதைத் தேர்ந்தாலும் பிறப்புச் சான்றிதழ் முதல் கடவுச்சீட்டு வரை ஒரே கூட்டலைக் காப்பதுதான் முக்கியம். இடையில் எண்கணிதத்துக்காக ஓர் எழுத்தைச் செருகினால் பின்னாளில் ஆவணங்கள் முரண்பட்டு அலைய நேரும். நம் ஊர்களிலேயே ழகரத்தை ளகரமாக ஒலிக்கும் பழக்கம் பரவலாக இருப்பதால், பெயர் ‘யாளினி’ ஆகிக் கோயில் தூண்களில் நிற்கும் யாளியை நினைவூட்டும் வாய்ப்பும் உண்டு. வீட்டார் தொடக்கத்திலிருந்தே திருத்தமாக அழைத்து வந்தால் அக்கம்பக்கத்தாரும் பழகிக்கொள்வார்கள்.

இதையொத்த பெயர்கள் என்று தந்த பட்டியலில் ராகப்பெயர்களும் கருவிப்பெயர்களும் கலந்து கிடந்தன. எதற்கும் விளக்கம் இல்லை.

உச்சரிப்பு ஒலிப்பதிவுக்காகவும் அழகிய முகப்புக்காகவும் மட்டும் இந்த அறிக்கையை வாங்க நினைப்பவர்கள் வாங்கலாம். பொருளையும் தோற்றத்தையும் அறிய நினைப்பவர்களுக்கு நான் இதைப் பரிந்துரைக்கவில்லை. ஐந்துக்கு இரண்டு மதிப்பெண். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி சிக்காகோ பல்கலைக்கழகத்தின் இணையத்தளத்தில் இலவசமாகத் தேடக் கிடைக்கிறது. சங்க நூல்களையும் திருமுறைகளையும் மதுரைத் திட்டமும் தமிழ் இணையக் கல்விக்கழகமும் கட்டணமின்றித் தருகின்றன. ஒரு மாலைப்பொழுதை ஒதுக்கி, பெயரின் முதற்சொல்லை அகராதியில் பார்த்து, அது வரும் பாடல் ஒன்றை உரையோடு படித்தால் போதும். அதற்கு நேரமில்லாதவர்கள் ஊரிலுள்ள தமிழாசிரியர் ஒருவரையோ ஓதுவார் ஒருவரையோ கேட்கலாம். குழந்தைக்குப் பெயர் வைக்கக் கேட்கிறோம் என்றால் மனமுவந்து சொல்வார்கள். இந்தச் சேவையை நடத்துவோர் தங்கள் அறிக்கையில் ஒவ்வொரு கூற்றுக்கும் நூலையும் பாடல் எண்ணையும் குறிப்பிடத் தொடங்கினால், இதே கட்டணத்தில் மறுபடியும் வாங்க நான் தயங்க மாட்டேன்.